கடை பூட்டிய ஊரில் ஒரு ஞாயிறு

ஆகஸ்ட் 22, வெள்ளி: சென்னைத் துறைமுகம்

சென்னைக்காரர்களுக்குத் துறைமுகம் என்றால் ஒரு மதில்சுவர். ராஜாஜி சாலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம் நீளமாக ஓடும். இந்தப் பக்கம் கடற்கரை ஸ்டேஷன், ஜிபிஓ, கன்டெய்னர் லாரி. சுவருக்குப் பின்னால் கடல் இருப்பதே மறந்து போகும். அம்மாவுக்கு மட்டும் மறக்கவில்லை. சின்ன வயதில் அவருடைய பெரியப்பாவை பினாங்குக்கு வழியனுப்ப இங்கே வந்திருக்கிறார். 'ரஜூலா' கப்பல். பெரியப்பா தகர டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக மேல்தட்டில் நின்று கையசைத்தாராம். அம்மாவும் நானும் இலங்கையின் திருகோணமலைக்குப் போய்வரும் சொகுசுக் கப்பலுக்காகச் சக்கரம் வைத்த சூட்கேஸுடன் ஏசி கூடத்தில் வரிசையில் நின்றோம். அவ்வளவுதான் வித்தியாசம். வரிசை அன்றைக்கும் இதே நீளம்தான் என்றார் அம்மா.

பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கப்பலில் கால் வைத்தபோது மாலை ஐந்தரை. பைகளில் ஒட்ட வேண்டிய சீட்டு தீர்ந்துபோய், கம்பெனி ஆட்கள் புதிதாக அச்சடித்துக் கொண்டுவரும் வரை எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்தோம். அதிலும் ஒரு நன்மை. வெளிச் சாப்பாடு கப்பலுக்குள் கூடாது என்பது சட்டம். அதனால் ஸ்கேனர் இயந்திரத்துக்கு முன்னால் மொத்தக் கூட்டமும் டப்பாவைத் திறந்துவிட்டது. சௌகார்பேட்டைக் குடும்பம் ஒன்று தேப்லா கொடுத்தது, அம்மா புளியோதரை கொடுத்தார். பக்கத்தில் ஒரு கோயம்புத்தூர் தம்பதி முறுக்கை யாருக்கும் கொடுக்காமல் சத்தமில்லாமல் முடித்தார்கள். முறுக்கைச் சத்தமில்லாமல் தின்பது தனித் திறமை.

இன்று சென்னை தினம் வேறு. 1639 ஆகஸ்ட் 22-ஐத்தான் ஊர் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் இந்த ஊருக்கு ஒழுங்கான துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி அலையோடு மல்லுக்கட்டிக் கரைக்கு வர வேண்டும். கடைசியில் அலையைத் தடுக்கச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-இல் வந்த புயல் அதையும் உடைத்துப் போட்டது. இப்போது இருப்பது, விடாப்பிடியாகத் திரும்பக் கட்டியது.

ஏழரைக்குக் கப்பல் நகர்ந்தது. உயர் நீதிமன்றக் கோபுரம், நேப்பியர் பாலத்து விளக்கு, மெரினா கலங்கரை விளக்கம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. மேல்தளத்தில் டிஜே மட்டும் நனைந்துகொண்டே பாட்டுப் போட்டார்.

ஆகஸ்ட் 23, சனி: கடல்

சென்னையிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நேராகப் போனால் ஒரு ராத்திரி வேலை. நாங்கள் ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி போனோம். கரையைவிட்டு நன்றாக விலகினால்தான் கேசினோவைத் திறக்க முடியும், அதனால்தான் இந்த ஊர்வலம் என்றார் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன்.

கப்பல் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பல நாளாக நடக்கிற கல்யாண மண்டபம். எப்போது பார்த்தாலும் பந்தி, எப்போது பார்த்தாலும் மைக்கில் யாரோ கூப்பிடுகிறார்கள், மாப்பிள்ளை பெண் மட்டும் கண்ணில் படவில்லை. காலையில் இட்லி இருந்தது, சாம்பாரில் வெல்லம் இருந்தது. ஜெயின் சாப்பாட்டுக்குத் தனி வரிசை. அங்கேதான் காய்கறி நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் வேளையிலேயே செய்தி பரவி அந்த வரிசைதான் பெரிதாகிவிட்டது. காபி இயந்திரத்திலிருந்து வந்ததை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு மழைத்தண்ணியே தேவல" என்றார். இன்டர்நெட்டுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டதில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரே சிக்கல், ஆவணி அமாவாசை. காலண்டரில் வெள்ளி மத்தியானம் தொடங்கிச் சனிக்கிழமை முற்பகலில் முடிகிறது. சூரிய உதயத்தில் என்ன திதியோ அதுதான் அன்றைக்குத் திதி என்பது அம்மாவின் சட்டம். அப்பா போனதிலிருந்து அமாவாசையன்று காக்காய்க்குச் சோறு வைக்காமல் அவர் சாப்பிட்டதில்லை. நடுக்கடலில் காக்காய்க்கு எங்கே போவது?

சமையல்காரர்களிடம் கேட்டு ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு வாங்கி வந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா மேல்தளத்துக் கம்பியோரம் நின்றார். கப்பல் ஊழியர் ஒருவர் ஓடி வந்து, கடலில் எதையும் போடக் கூடாது என்றார். "போடல தம்பி, காட்டிட்டு எடுத்துக்கறேன்" என்றார் அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன புரிந்ததோ, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளி மரியாதையாக நின்றார். பறக்கும் மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைவிட்டு எழும்பிச் சிதறி விழுந்தன. பறவை என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. மூன்று மணி வாக்கில் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு: திருகோணமலை

விடியும்போது கப்பல் மலைகளுக்கு நடுவே நுழைந்துகொண்டிருந்தது. கடல் என்றே சொல்ல முடியாது, அவ்வளவு அசைவில்லாத தண்ணீர். நம் ஊரில் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பித் துறைமுகம் செய்தோம். இங்கே அது தானாகவே அமைந்திருக்கிறது. ஆழமும் அதிகம், புயலுக்கும் மறைவு. இந்தக் கடலில் கப்பல் வைத்திருந்த போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காக அடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசினால் சென்னைக் கரையில் ஆங்கிலேயர் கப்பல்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. 1795-இல், இதே ஆகஸ்ட் மாதத்தில், சென்னையிலிருந்து கிளம்பிப் போன படைதான் டச்சுக்காரர்களிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தது. அவர்களுக்கு டிஜே கிடையாது, அதனால் சீக்கிரம் போயிருப்பார்கள்.

கப்பல்காரர்களின் டூர் தலைக்கு நாலாயிரம் ரூபாய்: கோயில், நிலாவெளி கடற்கரை, ஓர் ஓட்டலில் பஃபே. இன்னொரு பஃபேயா என்று அதை விட்டுவிட்டோம். சாயங்காலம் ஐந்துக்குள் திரும்ப வேண்டும். எட்டரைக்கு வெளியே வந்தால் வரிசையாக ஆட்டோக்கள். முதலில் நின்றவர் நாற்பத்தைந்து வயசிருக்கும், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "கப்பல்ல வந்தனீங்களோ? இண்டைக்கு ஞாயிறெல்லோ, டவுனுக்குள்ள கடையள் எல்லாம் பூட்டு. கோயிலுக்குப் போவம்" என்றார். நாள் முழுக்க எவ்வளவு என்று கேட்டேன். யோசித்து, நாலாயிரத்து ஐந்நூறு என்றார். அவர்கள் காசில். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய மூன்றரை ரூபாய், அப்படியென்றால் ஆயிரத்து முந்நூறு. சரி என்றோம்.

பெரம்பூர் என்று சொன்னதும் வண்டியை ஓட்டியபடியே திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், பெரம்பூரா நீங்க? லோகோ ஒர்க்ஸ்கிட்டயா?" அச்சு அசலான நம்ம ஊர்ப் பேச்சு. அம்மா திடுக்கிட்டு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். 1990-இல் சண்டை மூண்டபோது சின்னப் பையனாகப் படகேறி மண்டபம் போய், அப்புறம் கும்மிடிப்பூண்டி முகாமில் வளர்ந்தவராம். பெயின்ட் அடிக்கிற வேலைக்குச் சென்னை முழுக்கச் சுற்றியிருக்கிறார். திரும்பி வந்து வருஷமாகிவிட்டது, எம்டிசி பஸ் நம்பரெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாக்கியம் நம் ஊர்க்காரராகப் பேசுவார், அடுத்த வாக்கியத்தில் இவ்வூர்க்காரராகிவிடுவார்.

பணத்தில்தான் சறுக்கியது. ஞாயிறு என்பதால் காசு மாற்றும் கடைகள் பூட்டு. முதல் ஏடிஎம் என் கார்டை வாங்காமலே துப்பியது. அடுத்தது வாங்கிக்கொண்டு ஐயாயிரம் ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையில் ஐயாயிரத்துக்குச் சில்லறை யாரிடமும் இல்லை. கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு, செருப்புக் காவல், செவ்விளநீர் என்று எல்லாவற்றுக்கும் ஆட்டோக்காரரே கொடுத்தார். "பிறகு பாப்பம்" என்று அவர் சொன்னதை அன்று எத்தனை வாயால் கேட்டோம் என்று கணக்கில்லை.

கோயில், கோட்டைக்குள்ளே இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை. 1620-களில் போர்த்துகீசியர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லையே வைத்துக் கட்டியது. இன்றைக்கும் ராணுவத்தின் கையில். சிப்பாய் பையைப் பார்த்து உள்ளே விட்டார். உள்ளே பெரிய மரங்கள், அவற்றின் கீழ் புள்ளிமான்கள். ஒரு மான் நேராக ஆட்டோவுக்குள் மூக்கை நீட்டி அம்மாவின் அர்ச்சனைத் தட்டிலிருந்து வெற்றிலையை உருவியது. "அது பொலித்தீனும் தின்னும், தேங்காய்ப் பையை மடியில வையுங்கோ" என்றார் ஆட்டோக்காரர். பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லி தங்கியிருந்த வீடும் இங்கே இருக்கிறது. நம் ஜார்ஜ் கோட்டையிலும் அவர் பெயரில் ஒரு வீடு பாதி இடிந்து நிற்கிறது. போகும் இடமெல்லாம் கோட்டைக்குள் வீடு பிடித்திருக்கிறார் மனிதர்.

கோணேசர் கோயில் கட்டடம் புதியது. இடம் அப்படியில்லை. சம்பந்தர் இந்தக் கரைக்கு வராமலே ராமேஸ்வரத்தில் நின்று பாடியதாகச் சொல்வார்கள்; ஈழத்தில் தேவாரம் பெற்ற இரண்டு தலங்களில் ஒன்று இது, மற்றது திருக்கேதீச்சரம். 1950-இல் கிணறு தோண்டும்போது பழைய வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பார்த்துக் கோயில் கற்களைக் கண்டார்கள். பாறை ஓரத்தில் எட்டிப் பார்த்தால் செங்குத்தாக இறங்குகிறது, அடியில் தண்ணீர் பச்சையும் நீலமுமாகத் தெளிவாகத் தெரிகிறது. மலையில் ஒரு பிளவு. ராவணன் வாளால் வெட்டியது என்பது கதை. விளிம்பில் நிற்கும் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள், காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. வெயில் நம் ஊர் மே மாதத்துக்குக் குறைவில்லை. காற்று மட்டும் ஓயாமல் அடித்தது. எங்கள் கப்பல் டூர் பஸ் வந்தது, கொடி பிடித்தவர் பின்னால் கூட்டம் உள்ளே போனது, நாங்கள் மாதுமை அம்மன் சன்னதியைச் சுற்றி வருவதற்குள் திரும்பிப் போயும்விட்டது.

பதினொன்றரைக்கு டவுனுக்குள் வந்தோம். இவ்வளவு சத்தமில்லாத கடைத்தெருவை நான் பார்த்ததில்லை. வரிசையாக இறக்கிய ஷட்டர்கள். சைக்கிள் ஒன்று போனால் அதன் சங்கிலிச் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. அறநெறிப் பாடசாலை என்கிற ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பு முடிந்து வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் நிழல் பார்த்து நடந்து போனார்கள். ஒரு பிள்ளை எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னதும் பின்னால் வந்த அத்தனையும் வரிசையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. பதில் சொல்லி மாளவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு மளிகைக் கடைப் படியில் உட்கார்ந்தார். உள்ளே யாரோ இருந்திருக்கிறார்கள். ஷட்டர் அரையளவு உயர்ந்தது, அதற்குக் கீழே முதலில் சாரம் (நம் ஊர் லுங்கி), அப்புறம் நரைத்த மீசை. "உள்ளுக்கு வந்து இருங்கோ அம்மா, அங்க வெயில்." குனிந்து நுழைந்தோம். தராசு மேல் துணி போர்த்தியிருந்தது. மரமுக்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டார். ஏதாவது வாங்குவதுதான் மரியாதை என்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காட்டினேன். "இண்டைக்கு வியாபாரம் இல்லைத் தம்பி" என்றார். விற்கவும் இல்லை, ஆனால் அதே பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்தார். அவர் மகன் பிளேன்டீ கொண்டு வந்தான், பாலில்லாமல் இஞ்சி தட்டிப் போட்டது. கப்பல் காபிக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது அப்போதுதான்.

பேச்சுவாக்கில் அமாவாசைக் கதை வந்தது. "கப்பல்ல காக்கா இல்லீங்க" என்றார் அம்மா, புகார் கொடுக்கிற தொனியில். அவர் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரரை அனுப்பித் திறந்திருந்த ஒரே சாப்பாட்டுக் கடையிலிருந்து சோற்றுப் பார்சல் வாங்கச் சொன்னார். கொல்லையில் போய் ஒரு வாழையிலைத் துண்டை அறுத்து, கழுவிக் கொண்டுவந்தார். பின்பக்கத்து மதிலில் அம்மா சோற்றை வைத்துக் கூப்பிட்டதுதான் தாமதம், நாலைந்து காக்கைகள் இறங்கின. ஒருநாள் தள்ளிப் போய்விட்டதே என்று அம்மா இழுத்தார். "காகத்துக்கு என்னம்மா திதி தெரியும்" என்றார் கடைக்காரர்.

மிச்சப் பார்சலை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், பூசணி, பொரித்த மிளகாய், பப்படம், மூலையில் ஒரு பிடி தேங்காய்ச் சம்பல். ஒரு பார்சல் நானூறு ரூபாய், நம் காசுக்கு நூற்றுப் பதினைந்து. தேங்காய்ப்பால் தாராளம், காரமும் தாராளம். கப்பலில் அத்தனை தட்டு அடுக்கியிருந்தும் இந்த ஒரு சம்பலுக்கு ஈடில்லை. அம்மா செய்முறை கேட்டு என் போனில் பதியச் சொன்னார்.

கிளம்பும்போது கடைக்காரர்தான் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சொன்னார். ராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்ய உண்டாக்கியது என்பது ஐதீகம். இந்தப் பக்கத்தில் இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கடனை அங்கே செய்வது வழக்கம். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், எட்டிப் பார்த்தால் தரை தெரிகிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஊர் ஏன் காலியாக இருந்தது என்பது அங்கே போனதும் விளங்கியது. பாதிப் பேர் இங்கே வாளியோடு நின்றார்கள். ஒரு சிங்களக் குடும்பத்துப் பாட்டி, அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வாளியில் மொண்டு முழங்காலில் ஊற்றினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. இரண்டாம் வாளிக்கு அம்மாவே அடுத்த காலை நீட்டினார்.

நாலரைக்குத் துறைமுக வாசலில் ஆட்டோக்காரரோடு கணக்குப் பார்த்தோம். வண்டி நாலாயிரத்து ஐந்நூறு, அவர் கைக்காசு ஆயிரத்து எழுநூறு. ஐயாயிரம் நோட்டையும் நம் காசில் ஐந்நூறும் கொடுத்தேன். ஐந்நூறைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை மாத்த மாட்டன், வச்சிருப்பன்" என்றார். அப்படியென்றால் நஷ்டம் ஆகுமே என்று இன்னும் இரண்டு நூறு நீட்டினேன். வாங்கவில்லை. "அடுத்த முறை வரேக்க சாத்துக்குடி ஜூஸ் பவுடர் இல்லாம நல்ல முறுக்கு கொண்டாங்கோ" என்றார். இங்கே வருகிற இந்தியர்கள் எல்லோரும் பவுடர் கொடுக்கிறார்கள் போல.

ஆகஸ்ட் 25, திங்கள்: கடல்

எழுத ஒன்றுமில்லை. பந்தி, மைக், தூக்கம். டூர் பஸ்ஸில் போன சௌகார்பேட்டைக் குடும்பத்தைப் பார்த்தோம். ஊரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை, வீண் என்றார் அந்த வீட்டு அம்மா. கடற்கரை நன்றாக இருந்ததாம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர் பார்த்தது ஜன்னல் வழியாக. எனக்கு என்னவோ, கடைகள் திறந்திருந்தால் அந்த மீசைக்காரருக்கு எங்களோடு பேச நேரம் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. கப்பல் கம்பெனிகள் ஞாயிறுகளைக் கணக்குப் போட்டே நிறுத்தலாம். செய்ய மாட்டார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்: பாரிமுனை

இறங்கும் வரிசை ஏறும் வரிசையைவிடச் சின்னது. சுங்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் சம்பல் செய்முறையும்தான்.

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி என்பது கப்பலில் மறந்தே போயிருந்தது. வெளியே வந்தால் பாரிமுனை முழுக்கக் களிமண் பிள்ளையார்கள், எருக்கம்பூ மாலை, கரும்பு, ஹாரன். ராஜாஜி சாலையில் நின்ற ஆட்டோக்காரர் பெரம்பூருக்கு நானூற்றைம்பது கேட்டார். மீட்டர் என்று சொன்னதும் வேறு பக்கம் பார்த்தார். அம்மா அதையெல்லாம் கவனிக்காமல் நடைபாதையில் ஒரு பிள்ளையாரைத் தூக்கித் தும்பிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நூற்றைம்பது, குடை தனியாக முப்பது என்றாள் விற்கும் பெண். குடையோடு சேர்த்து நூற்று இருபது என்றார் அம்மா. நூற்று நாற்பதில் முடிந்தது. எருக்கம் மாலை இனாம்.

அதே ஆட்டோக்காரர் நானூறுக்கு வந்தார். பிள்ளையார் மடியில் இருந்ததால் பள்ளம் பார்த்து மெதுவாகவே ஓட்டினார்.